திருகோணமலை: காற்று, ஆழம், பழைய கடற்படைத் தடங்கள்

முதல் நாள் – சுவாமி மலை

திருகோணமலைக்கு நாள் குறிக்கும்போது முதலில் காற்றைப் பாருங்கள். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். மழை, கலங்கிய தண்ணீர், கரையில் உடையும் பெரிய அலை எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அந்த மாதங்களில் வள்ளத்தில் போகும் திட்டம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரை தெளிந்திருக்கும். அதற்குள்ளும் மே மாதத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று வரும். சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும், காலை பத்து மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். ஆகவே கடல் வேலை எதுவானாலும் காலை ஆறு முதல் பத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பாய்க்கப்பல் காலத்துக் கடற்படைகளும் இதே காற்றுக்குத்தான் கட்டுப்பட்டிருந்தன. அந்தக் காலத்துச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் சரக்கு இறக்க வேண்டும். ஒக்டோபர் நடுவில் வாடை மாறத் தொடங்கினால் போர்க்கப்பல்கள் அங்கே நிற்க முடியாது. பிரித்தானியக் கப்பல்கள் தெற்கே சுற்றிப் பம்பாய்க்குப் போய், பழுது பார்த்துத் திரும்புவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் சோழமண்டலக் கரைக்குக் காவல் இல்லை. திருகோணமலையின் உள் துறைமுகமோ இரண்டு பருவக்காற்றுக்கும் மறைவானது. ஏறக்குறைய 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு, அரைக் கிலோமீற்றர் அகல நுழைவாயில், கரைக்கு மிக அருகிலேயே நல்ல ஆழம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று வரிசையாக இங்கே வந்து சண்டை பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

கொழும்பிலிருந்து ஏ6 வீதியில் குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறு முதல் ஏழு மணித்தியாலம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். சொந்த வாகனமானால் அந்தப் பகுதியைப் பொழுது சாய முன் தாண்டிவிடுங்கள். யானையைக் கண்டு நிறுத்தி உணவு கொடுக்க வேண்டாம், அப்படிப் பழகிய யானைதான் அடுத்த வாகனத்தை மறிக்கும். இரவு ரயில் கல்ஓயாச் சந்தியில் பிரிந்து வருகிறது. படுக்கை இருக்கை வேண்டுமானால் முன்பதிவு திறந்தவுடன் எடுத்துவிட வேண்டும். வெள்ளம், மண்சரிவுக் காலங்களில் இந்தப் பாதை மூடப்படுவதுண்டு என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரியுங்கள். கந்தளாயில் வீதியோரம் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை வாங்காமல் வரவேண்டாம். கித்துள் பாணியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் வேலையாக சுவாமி மலைக்கு ஏறுங்கள். ஊரின் அமைப்பு முழுவதும் அங்கிருந்துதான் விளங்கும். பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்தால் கோணேஸ்வரம் வரை மெதுவான நடையில் 20 நிமிடம். கோட்டைக்குள் இன்னும் இராணுவம் இருக்கிறது; வீதியை விட்டு விலகாதீர்கள், முகாம் கட்டடங்களைப் படமெடுக்காதீர்கள். வாசல் நிலைக்கல்லில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டு வரிகளும் இருக்கின்றன. வேகமாக நடப்பவர் கண்ணில் அவை படாது. 1622இல் பழைய கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள், அந்தக் கற்களில் ஒன்றுதான் இது. உள்ளே திரியும் புள்ளிமான்களுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கிவிடுகின்றன.

கோயிலுக்குக் காலை ஆறரைக்குள் போய்ச் சேர்ந்தால் பாறை சுடாது. செருப்பைக் கழற்றிவிட்டு நண்பகலில் நடப்பது கடினம். மதியம் நடையும் சாத்தியிருக்கும். உச்சியிலிருந்து கடல் நூறு மீற்றருக்கு மேல் நேர் கீழே. வடக்கே பேக் பே, தெற்கே டச்சு பே, அதற்கும் அப்பால் ஒஸ்டன்பேர்க் முனை, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் உள் துறைமுகம். பேக் பே கச்சான் காலத்தில் அமைதியாக இருக்கும், வாடைக் காலத்தில் முழுக்கத் திறந்து கிடக்கும். அதனால் கப்பல்கள் ஒரு பருவத்தில் அங்கேயும் மறு பருவத்தில் உள்ளேயும் நின்றன. துறைமுகத்தைப் பிடிக்க இரண்டு கோட்டைகளையும் பிடிக்க வேண்டியிருந்ததற்கும் இதுவே விளக்கம்: பிரட்ரிக் வெளிக்குடாக்களைக் காக்கும், ஒஸ்டன்பேர்க் வாயிலைக் காக்கும்.

1782ஐ இங்கிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து இரண்டு கோட்டைகளையும் பறித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் படையை இறக்கிச் சில நாட்களில் அவற்றைத் திரும்பப் பிடித்தார். ஹியூஸ் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3இல் வெளியே கடலில் சண்டை நடந்தது, எந்தத் தரப்புக் கப்பலும் பிடிபடவில்லை. ஆனால் வாடை வரும் நேரத்தில் துறைமுகம் இல்லாமல் நின்றவர் ஹியூஸ்தான். பிரித்தானியர் கையில் இது நிலைத்தது 1795இல்.

இரண்டாம் நாள் – ஊருக்குள் நடை

இன்று வாகனம் தேவையில்லை. தொப்பி, ஒன்றரை லீற்றர் தண்ணீர், கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை போதும். ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

கோட்டைக்கு அருகே எஸ்பிளனேட் பக்கம் உள்ள புனித ஸ்தேவான் இடுகாடு முதலில். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் இங்கே அடக்கமாகியிருக்கிறார். பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது 1852 ஒக்டோபரில் நோயுற்று இறந்தவர். வியாழன் கோளை ஆராய்ந்த படைப் பொறியியலாளர் மோல்ஸ்வேர்த் இந்த ஊரில்தான் தொலைநோக்கி வைத்து வேலை செய்தார். கற்களில் பலவற்றின் எழுத்துகள் உப்புக்காற்றில் தேய்ந்துவிட்டன. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் படிக்கலாம், நண்பகலில் எழுத்தே தெரியாது. புல் உயரமாக வளரும் மாதங்களில் மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் அவசியம், பாம்புகள் உண்டு.

அங்கிருந்து உள் துறைமுக வீதிக்கு நடந்து போகலாம். ஒல்லாந்த ஆணையாளர் இருந்த பழைய கட்டடம் இப்போது கடற்படை அருங்காட்சியகம், 2013இல் திறக்கப்பட்டது. தடித்த சுவர், நீண்ட விறாந்தை, உள்ளே நல்ல குளிர்ச்சி. ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், துறைமுக வரைபடங்களின் முன் கூடுதலாக நில்லுங்கள். நேற்று மலையிலிருந்து பார்த்த முனைகளுக்குப் பெயர் கிடைக்கும். போயா (முழுநிலா விடுமுறை) நாளில் வந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்கள் மூடியிருக்கும்.

டொக்யார்ட் எனப்படும் பழைய துறைமுகத் தளம் இலங்கைக் கடற்படையின் கிழக்குத் தலைமையகம். ஹூட் கோபுர அருங்காட்சியகமும், வாயிலைப் பார்த்தபடி இருக்கும் ஆறு அங்குலப் பீரங்கிகளும், ஒஸ்டன்பேர்க் கோட்டையின் எச்சங்களும் அதற்குள்ளே. நேராக வாசலுக்குப் போய் நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். முதல் நாளே காவலரணில் கேட்டு, எந்த நேரம் வரலாம், என்ன ஆவணம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் சரியான வழி. குழுவாகப் போவதானால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டால் முணுமுணுக்க வேண்டாம், இது இயங்கிக்கொண்டிருக்கும் போர்த்தளம். டிரோன் வேண்டவே வேண்டாம். விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் நாட்டில் எங்கும் பறக்கவிட முடியாது, இங்கே பறக்கவிட்டால் கைதாவீர்கள்.

உள்ளே போக முடிந்தால் பீரங்கி மேடையில் நின்று வாயிலைப் பாருங்கள். வரும் கப்பல் எதுவும் அந்தக் குறுகலில் திரும்பித்தான் நுழைய வேண்டும், திரும்பும்போது பக்கம் முழுவதையும் பீரங்கிக்குக் காட்டும். இடத்தைத் தேர்ந்தவர்கள் ஒல்லாந்தர். பிரித்தானியர் ஆயுதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957 ஒக்டோபர் 15இல், பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது.

மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடித்துவிடுங்கள். சோறு கறிக் கடைகளில் இரண்டு மணிக்கு நல்ல மீன் கறி தீர்ந்துவிடும். மாலை ஐந்தரைக்கு உள் துறைமுக வீதிக்குத் திரும்பி வாருங்கள். மேற்கு பார்த்த நீர் என்பதால் கிழக்குக் கரையில் இருந்துகொண்டே சூரியன் தண்ணீரில் மறைவதைக் காணக்கூடிய அபூர்வ இடம்.

மூன்றாம் நாள் – சீனக்குடா

ஓட்டோ ஒன்றை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம் சேர்ந்த தொகையா என்று ஏறும் முன்பே தெளிவாகக் கேளுங்கள், தகராறு வருவது அதில்தான்.

துறைமுகத்தின் மேற்குக் கரையில், காட்டுக்குள் வரிசை வரிசையாக உருக்கு எண்ணெய்த் தாங்கிகள். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படைக்கு சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஒரு பெரிய எரிபொருள் சேமிப்பு தேவைப்பட்டது, அதற்காகக் கட்டியவை. 99 தாங்கிகள் எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 14 லங்கா ஐஓசியிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்திடமும் இருக்கின்றன. மேல் தொகுதி காட்டுக்குள் இருப்பதால் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி நுழையக்கூடாது. யானைகளும் அங்கே உலாவுகின்றன. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரித்த தாங்கியும் அங்கேதான். பல நாள் எரிந்த தீயில் உருக்குச் சுவர் உருகி மடிந்த நிலையில் கிடக்கிறது.

அன்றைய தாக்குதல் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தது. சிங்கப்பூர் பெப்ரவரியில் விழுந்துவிட்டதால் கிழக்குக் கடற்படைக்கு எஞ்சிய பெரிய தளம் இது. சீனக்குடா ஓடுபாதையிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படையணியின் ஹரிகேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அந்த ஓடுபாதை இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி. துறைமுகத்துக்குள் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் குண்டுபட்டு எரிந்தது. பிறகு அதை இறங்குதுறையாகப் பயன்படும்படி அமிழ்த்தினார்கள். 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் ஓட்டைகளை அடைத்து, நீரை இறைத்து அதை மீண்டும் மிதக்க வைத்தார்கள். மாதக்கணக்கில் செய்த வேலை.

இன்னொரு சிதைவு இன்னும் நீருக்கடியில் கிடக்கிறது; அதன் கதை கப்பல் வேலை தெரிந்தவர்களுக்குப் பாடம். ஐம்பதினாயிரம் தொன் தூக்கக்கூடிய மிதக்கும் உலர்துறை ஒன்று பம்பாயில் கட்டப்பட்டு இங்கே நிறுத்தப்பட்டிருந்தது. இத்தகைய உலர்துறை தன் தொட்டிகளில் நீர் நிரப்பித் தாழும், கப்பல் உள்ளே வரும், நீரை வெளியே இறைத்தால் கப்பலோடு சேர்ந்து எழும்பும். கப்பலின் பாரம் முழுவதும் நடுவில் விழுவதால் நடுத் தொட்டிகளை முதலில் காலியாக்கி, முனைகளை மெல்லமெல்லக் காலியாக்க வேண்டும். 1944 ஓகஸ்ட் 8இல் வேலியன்ட் என்ற பெருங்கப்பலைத் தூக்கியபோது முறை மாறியது. முனைகள் எழ, நடு தாழ, உலர்துறையின் முதுகு முறிந்தது. வேலியன்ட் தப்பியது, ஆனால் சுழலிகளும் சுக்கானும் சேதப்பட்டன. அத்தனை பெரிய கப்பலைத் தூக்க அருகில் வேறு வசதி இல்லை. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில். போர் முடியும் வரை அந்தக் குறை தீரவில்லை. எந்த எதிரியும் செய்யாத சேதத்தை ஒரு நீரிறைப்பு வரிசை செய்துவிட்டது. இந்தச் சிதைவில் சுழியோட, துறைமுகத்துக்குள் இருப்பதால், கடற்படையின் அனுமதி வேண்டும்.

திரும்பும் வழியில் மார்பிள் பீச். விமானப்படை பராமரிக்கிறது, நுழைவுச் சீட்டு உண்டு. குடாவுக்குள் இருப்பதால் அலை மிகக் குறைவு. சிறு பிள்ளைகளோடு குளிக்க இந்தப் பக்கத்தில் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. வார இறுதியைத் தவிருங்கள்.

நான்காம் நாள் – சாம்பல்தீவு, நிலாவெளி

நிலாவெளி வீதியில் ஊரிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீற்றரில், சாம்பல்தீவுப் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள். முந்நூறுக்கு மேற்பட்ட கல்லறைகள், அத்தனையும் ஒழுங்காகப் பராமரிக்கப்படுபவை. கடலோடு போனவர்களின் பெயரை இங்கே தேட வேண்டாம். உடல் கிடைக்காத பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சத்தம் நகரங்களின் நினைவுத்தூண்களில் இருக்கின்றன. உறவினரைத் தேடி வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இராது.

புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து பத்து நிமிட வள்ளம். பிரித்தானியக் கடற்படை ஒரு காலத்தில் இதைச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 2003இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேறு, வள்ளக் கூலி வேறு, முகமூடியும் துடுப்புச் சப்பாத்தும் வேறு. மூன்றையும் தனித்தனியே கேட்டு, சில்லறைக் காசோடு போங்கள். முதல் வள்ளத்தில் போனால் கருமுனைச் சுறாக்களைக் கரையருகிலேயே காணலாம். அவை வெட்கப்படுபவை, ஆட்கள் நிறைந்ததும் விலகிவிடும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள்: இடுப்பளவு நீரில் களைத்துப்போய்க் கால் ஊன்றுபவர்களால்தான் அதிக அழிவு. நீந்தத் தெரியாதவர் மிதப்புச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்.

கச்சான் மாதங்களில் இந்தக் கரையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத் தண்ணீர் குளம் போல அமைதியாகத் தெரியும். காற்றடைத்த மெத்தையில் அல்லது ரப்பர் வளையத்தில் ஏறியவரை அதே காற்று மெல்ல வெளியே தள்ளும், ஐம்பது மீற்றர் தாண்டினால் கையால் துழாவித் திரும்ப முடியாது. பிள்ளைகளை அந்த மிதவைகளில் ஏற்றவே வேண்டாம். தள்ளப்பட்டவர் மிதவையை விடாமல் பிடித்துக்கொண்டு கையை அசைக்க வேண்டும்; விட்டுவிட்டு நீந்தப் புறப்படுவதுதான் உயிருக்கு ஆபத்து.

ஐந்தாம் நாள் – தெற்கே ஹேர்மிஸ் வரை

ஏ15 வீதியில் மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முன்பு பாதைப்படகுகளில் ஏறி இறங்கிப் போன வழி. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும், மற்றத் துறைகளில் பாலங்கள் வந்த பிறகும் பஸ் நேராகப் போகிறது. வாகரைக்கு முன் நீண்ட தூரத்துக்குக் கடை குறைவு, தண்ணீரும் எரிபொருளும் மூதூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

1942 ஏப்ரல் 8 இரவு, தாக்குதல் வரும் என்று தெரிந்ததும் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றினார்கள். ஹேர்மிஸ் இந்தக் கரையோரமாகத் தெற்கே போனது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1924இல் சேவைக்கு வந்தது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. மறுநாள் காலை திரும்பி வரும்போது ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. கரையிலிருந்து வர வேண்டிய பாதுகாப்பு விமானங்கள் நேரத்துக்கு வரவில்லை. ஹேர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயர், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அன்றே மூழ்கின. அருகில் வந்துகொண்டிருந்த மருத்துவக் கப்பல் வீட்டா ஏறத்தாழ அறுநூறு பேரை நீரிலிருந்து எடுத்தது.

ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றரில், 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். ஆகவே இது அதற்குள் அடங்காது. கணக்கைப் பாருங்கள். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர் கீழே 126 லீற்றர் சுவாசிப்பார். 200 பார் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் 2,400 லீற்றர்தான். 19 நிமிடத்தில் முழுவதும் தீரும், மேலே வரக் காற்று இராது. 15, 20 நிமிடம் கீழே இருந்தாலே மேலேறும் வழியில் தரித்து நின்று நைதரசனை வெளியேற்ற வேண்டும். இரட்டைச் சிலிண்டர், 21 மீற்றரிலிருந்து சுவாசிக்க 50 வீத ஒட்சிசன் கலவை, மிதவையோடு கட்டிய இறங்கு கயிறு, மேலே காத்திருக்கத் தெரிந்த வள்ளக்காரர் எல்லாம் வேண்டும். வெறும் காற்றில் இறங்கினால் நைதரசன் மயக்கம் அளவுமானியைப் படிப்பதையே தடுமாறச் செய்யும், ஹீலியம் கலந்த வாயு நல்லது. நீரோட்டம் திடீரென்று மாறும், கயிற்றை விட்டவர் ஆழ்கடலுக்குப் போவார்.

வள்ளத்தைப் பேசும்போது கேட்க வேண்டியவை: ஒட்சிசன் பெட்டி இருக்கிறதா, இரண்டாவது எஞ்சின் இருக்கிறதா, விபத்தென்றால் சுழியோடிகளுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்கு எப்படிக் கொண்டு போவார்கள். மூன்றுக்கும் உடனே பதில் வராவிட்டால் வேறு வள்ளம் பாருங்கள். காற்று எழும் முன் திரும்ப, ஐந்தரைக்கே கரையை விட வேண்டும். அது நூற்றுக்கணக்கானவர்களின் கல்லறை, உள்ளே நுழையவோ எதையும் எடுக்கவோ கூடாது.

30 மீற்றர் வரை இறங்க அனுமதிக்கும் மேம்பட்ட சான்றிதழ் உள்ளவர்கள் பாசிக்குடாவுக்குப் போய் பிரிட்டிஷ் சார்ஜன்டைப் பாருங்கள். ஆழம் 25 மீற்றர் அளவுதான், முதல் சுழியோட்டத்தில் 25 நிமிடத்துக்குள் மேலே வரத் திட்டமிட்டால் போதும். அதே நாளில் மூழ்கிய கப்பல், மீன்களும் நிறைய. முடித்த பின் 24 மணித்தியாலத்துக்கு விமானம் ஏறக்கூடாது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் விடியப் பறக்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.